ஹூகின் வேவு விமான நினைவுக் காட்சி

ஹூகின் என்பது சுவீடன் வான்படையின் டிசி-3 வகை வேவு விமானம் ஒன்றின் பெயராகும். இவ்விமானம் ஜூன் 13, 1952 அன்று பால்டிக் கடலின் மேல் பன்னாட்டு வான்பரப்பில் பறந்துகொண்டிருந்தபோது சோவியத் போர் விமானம் ஒன்றினால் சுட்டு வீழ்த்தப்பட்டது. இதில் சென்ற எட்டுப் பேரில் எவரும் உயிர் பிழைக்கவில்லை. ஐம்பத்தோர் ஆண்டுகள் கடலடியில் கிடந்த இதன் உடைந்த பகுதிகள் 2003 ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டு, 2004 இல் மேலே எடுக்கப்பட்டன. தற்போது அவை சுவீடனின் லின்சோப்பிங் நகருக்கு அருகிலுள்ள வான்படை அருங்காட்சியகத்தில் நினைவுக் காட்சியாக வைக்கப்பட்டுள்ளன.

போரில் பயன்பட்ட விமானங்களைச் சீர்செய்து, வண்ணம் பூசி, பீடத்தின் மேல் நிறுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கமாகும். ஹூகின் அவ்வாறு சீர்செய்யப்படவில்லை. கடலிலிருந்து எடுக்கப்பட்ட உடைந்த நிலையிலேயே அது காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. இந்த விமானத்தைப் பற்றி இரண்டு அரசுகள் நெடுங்காலம் உண்மையை மறைத்து வந்தன. இறுதியில் உண்மைக்குச் சான்றாக அமைந்தவை உடைந்த இந்தப் பகுதிகளே என்பதால், அவற்றை மாற்றாமல் வைத்ததற்குப் பொருள் உண்டு.

பெயர்

வடநாட்டுத் தொன்மங்களில் ஓடின் என்னும் கடவுளிடம் ஹூகின், மூனின் என இரண்டு அண்டங்காக்கைகள் உண்டு. அவை நாள்தோறும் உலகைச் சுற்றிப் பறந்து, கண்டதையும் கேட்டதையும் ஓடினின் காதில் வந்து சொல்லும் என்பது கதை. ஹூகின் என்றால் எண்ணம், மூனின் என்றால் நினைவு. சுவீடன் வான்படை தனது இரண்டு வேவு டிசி-3 விமானங்களுக்கு இப்பெயர்களைச் சூட்டியது. விமானங்களின் வேலையை அறிந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. ஆனால் அவ்வேலையை வெளியே சொல்ல அப்போது அனுமதி இல்லை.

பின்னணி

சுவீடன் 1814 ஆம் ஆண்டிற்குப் பின் எந்தப் போரிலும் நேரடியாக ஈடுபடாத நாடாகும். இரண்டாம் உலகப் போரிலும் அது நடுநிலை வகித்தது. போருக்குப் பின் 1949 இல் நேட்டோ அமைப்பு உருவானபோது அண்டை நாடுகளான நோர்வேயும் டென்மார்க்கும் அதில் சேர்ந்தன, சுவீடன் சேரவில்லை. சமாதான காலத்தில் எந்தக் கூட்டணியிலும் சேராதிருந்தால்தான் போர்க்காலத்தில் நடுநிலை வகிக்க முடியும் என்பது அதன் அதிகாரபூர்வக் கொள்கையாக இருந்தது.

எனினும் நடுநிலை நாட்டிற்கும் அயலில் நடப்பவற்றை அறியும் தேவை இருந்தது. எசுத்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய நாடுகள் சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டுவிட்டதால், பால்டிக் கடலின் கீழைக்கரை முழுவதும் சோவியத் படைகளின் கையில் இருந்தது. அக்கரையில் புதிய ராடார் நிலையங்கள் அமைக்கப்பட்டு வந்தன.

வானொலிச் சமிக்ஞைகளை ஒட்டுக்கேட்பதில் சுவீடனுக்கு நல்ல பழக்கம் இருந்தது. 1940 இல் ஆர்னே பொய்ர்லிங் என்னும் கணிதவியலாளர், செருமனியின் தொலைத்தட்டச்சு மறைகுறியீட்டு இயந்திரத்தின் அமைப்பை, அந்த இயந்திரத்தைப் பார்க்காமலேயே, தாளும் பென்சிலும் கொண்டு கண்டறிந்தார். இத்தகைய பணிகளுக்காக 1942 இல் தனி நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. எஃப்ஆர்ஏ என்னும் எழுத்துகளால் அழைக்கப்படும் இந்நிறுவனம் இன்றும் இயங்கி வருகின்றது. ஹூகின் விமானத்தில் சென்ற எண்மரில் ஐவர் இந்நிறுவனத்தின் பணியாளர்கள்.

விமானம் ஏன் தேவைப்பட்டது

ஒட்டுக்கேட்பதைக் கரையிலிருந்தே செய்யலாமே என்னும் கேள்வி எழுவது இயல்பு. அதற்கான விடை அலைகளின் இயல்பில் உள்ளது. குறைந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைகள் புவியின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும். சிற்றலைகள் வளிமண்டலத்தின் மேலுள்ள அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். இவற்றைக் கரையில் அமர்ந்தே கேட்கலாம். ராடார் அலைகள் அவ்வாறன்று. அவற்றின் அதிர்வெண் மிக அதிகம். ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்கோட்டில் செல்பவை. புவி உருண்டையாக இருப்பதால் சிறிது தொலைவிலேயே அவை அடிவானத்தைக் கடந்து மேலே போய்விடுகின்றன.

உயரம் கூடினால் அடிவானம் விலகும். கடல்மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரக் கம்பத்தில் அலைவாங்கியை வைத்தால் அதன் வானொலி அடிவானம் சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அதே அலைவாங்கியை 4,000 மீட்டர் உயரத்திற்குக் கொண்டு சென்றால் அது சுமார் 260 கிலோமீட்டராக விரியும். அதாவது, பன்னாட்டுக் கடற்பரப்பின் மேல் பறந்துகொண்டே மறுகரையின் ராடார்களைக் கேட்க முடியும். எல்லையைத் தாண்ட வேண்டிய தேவையில்லை.

ஒரு ராடார் எந்த அதிர்வெண்ணில் இயங்குகின்றது, நொடிக்கு எத்தனை துடிப்புகளை அனுப்புகின்றது என்பன போன்ற விவரங்களைக் கொண்டு அதன் வகையை அறியலாம். விமானம் நகர்ந்து செல்லும்போது வெவ்வேறு இடங்களிலிருந்து சமிக்ஞை வரும் திசையைக் குறித்துக்கொண்டால், அக்கோடுகள் வரைபடத்தில் சந்திக்கும் இடத்தில் ராடார் இருக்கும். போர் வருமானால் எதிரியின் வான்பாதுகாப்பில் எங்கே இடைவெளி உள்ளது என்பதை இத்தகைய வரைபடமே காட்டும். ஆகவே அதை வரைபவர்களை மறுகரையில் இருந்தவர்கள் விரும்பாததில் வியப்பில்லை.

இவ்வேலையின் ஆபத்து முன்பே தெரிந்திருந்தது. 1950 ஏப்ரல் 8 அன்று ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் வேவு விமானம் ஒன்று லாத்வியக் கரைக்கு அப்பால் சோவியத் விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த பத்துப் பேரும் இறந்திருந்தனர்.

ஹூகினின் முன்வரலாறு

இவ்விமானம் 1943 இல் ஐக்கிய அமெரிக்காவில் டக்ளசு நிறுவனத்தால் கட்டப்பட்ட சி-47 வகைச் சரக்கு விமானமாகும். டிசி-3 பயணிகள் விமானத்தின் படைத்துறை வடிவமே சி-47. போரின்போது வட ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பின் 1946 இல் சுவீடனுக்கு வந்து, சில காலம் குடிசார் விமானமாகப் பறந்தது. பின்னர் வான்படை அதைப் பெற்றுக்கொண்டு 79001 என்னும் எண்ணை இட்டது. பயணிகள் அமரும் பகுதியில் வானொலிக் கருவிகள் பொருத்தப்பட்டன. அவை பிரித்தானியாவிலிருந்து வந்தவை. நடுநிலை நாட்டின் விமானத்தில் நேட்டோ நாட்டின் கருவிகள் இருந்தன என்பதே பின்னாளில் பெரும் விவாதத்திற்கு இடமாயிற்று. கருவிகள் இங்கிருந்து போயின என்றால், கேட்ட செய்திகள் எங்கே போயின என்பது அடுத்த கேள்வி அல்லவா?

ஜூன் 13, 1952

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் ஸ்டாக்கோம் நகரின் புரொம்மா விமான நிலையத்திலிருந்து ஹூகின் புறப்பட்டது. விமானி ஆல்வர் எல்மெபெரி உட்பட வான்படையினர் மூவரும் எஃப்ஆர்ஏ பணியாளர் ஐவரும் அதில் இருந்தனர். விமானத்தில் ஆயுதம் எதுவும் இல்லை. கோட்லாந்துத் தீவிற்கு வடக்கே உள்ள கோத்ஸ்கா சாண்டன் தீவிற்குக் கிழக்கில் பறந்துகொண்டிருந்தபோது, முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சற்று முன்னர் தொடர்பு அறுந்தது.

கிரிகோரி ஒசின்ஸ்கி என்னும் சோவியத் விமானி செலுத்திய மிக்-15பிஸ் விமானமே ஹூகினைத் தாக்கியது. மிக்-15 மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்லக்கூடியது. 37 மிமீ பீரங்கி ஒன்றும் 23 மிமீ பீரங்கிகள் இரண்டும் கொண்டது. டிசி-3 மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது. இதைச் சண்டை என்று குறிப்பிடுவது பொருந்தாது.

மூன்று நாட்களின் பின், ஜூன் 16 அன்று, காணாமற்போன விமானத்தைத் தேடிச் சென்ற சுவீடனின் கட்டலீனா வகைக் கடல் விமானம் ஒன்றையும் சோவியத் விமானங்கள் சுட்டன. அது கடலில் இறங்கியது. மூன்ஸ்டர்லாந்து என்னும் மேற்கு செருமானியச் சரக்குக் கப்பல் அதன் பணிக்குழுவினர் அனைவரையும் காப்பாற்றியது. இதனாலேயே இரு நிகழ்வுகளையும் சேர்த்துக் கட்டலீனா விவகாரம் என்று அழைக்கின்றனர். எட்டுப் பேர் இறந்த நிகழ்வு, எவரும் இறவாத நிகழ்வின் பெயரால் வழங்கப்படுவது சற்று விந்தையே. ஆனால் அதற்குக் காரணம் உண்டு. கட்டலீனாவில் இருந்தவர்கள் உயிரோடு திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார்கள். ஹூகினைப் பற்றிச் சொல்ல எவரும் இல்லை. சொல்லக்கூடியவர்கள் சொல்ல விரும்பவில்லை.

மறைப்பு

பிரதமர் தாகே எர்லாண்டரின் அரசு, காணாமற்போன டிசி-3 விமானம் வழிநடத்தல் பயிற்சிக்காகப் பறந்தது என அறிவித்தது. சோவியத் ஒன்றியம் கட்டலீனா தனது எல்லையை மீறியதாகக் கூறியது. டிசி-3 பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்றது. சுவீடனில் மக்களிடையே கடுஞ்சினம் மூண்டது. இரு நாடுகளுக்கும் இடையே கண்டனக் குறிப்புகள் பரிமாறப்பட்டன.

டிசி-3 இன் உயிர்காப்பு மிதவை ஒன்று கடலில் கிடைத்தது. அதில் சோவியத் குண்டுச் சிதறல்கள் காணப்பட்டன. எனவே என்ன நடந்தது என்பதைச் சுவீடன் அரசு அப்போதே ஊகித்திருந்தது. ஆயினும் விமானம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை வெளியிட அது அணியமாக இல்லை. வெளியிட்டால் நடுநிலைக் கொள்கையே கேள்விக்கு உள்ளாகும்.

இதன் சுமை குடும்பங்களின் மேல் விழுந்தது. உடல்கள் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. சிலர் உயிருடன் பிடிக்கப்பட்டுச் சோவியத் சிறைகளில் இருப்பதாக வதந்திகள் பல ஆண்டுகள் உலவின. கணவன் இறந்தானா, சிறையில் இருக்கின்றானா என்று தெரியாமல் மனைவியரும், தந்தை என்ன வேலை செய்தார் என்பதே சரிவரத் தெரியாமல் பிள்ளைகளும் பல பத்தாண்டுகளைக் கழித்தனர். விமானி எல்மெபெரியின் மகன் பின்னாளில் பத்திரிகையாளராகி, இந்நிகழ்வைத் தாமே ஆராய்ந்து நூல் எழுதினார். குடும்பத்தினரின் விடாத வற்புறுத்தலால்தான் விமானத்தின் உண்மையான பணியும், அதன் கருவிகள் எங்கிருந்து வந்தன என்பதும் மெல்ல மெல்ல வெளிவந்தன.

1991 இல் சோவியத் ஒன்றியம் கலையும் தறுவாயில் இருந்தபோது, ஓய்வுபெற்ற தளபதி ஃபியோதர் சிங்காரென்கோ, தாம் 1952 இல் கர்னலாக இருந்தபோது டிசி-3 ஐச் சுடுவதற்கு விமானத்தை அனுப்பியதை ஒப்புக்கொண்டார். முப்பத்தொன்பது ஆண்டு மறுப்பு அத்துடன் முடிவுக்கு வந்தது. 1994 இல் சுவீடனின் நடுநிலைக் கொள்கை ஆணையம் தனது அறிக்கையை வெளியிட்டது. போர் மூண்டால் மேற்கு நாடுகளின் படை உதவியைப் பெறுவதற்கு 1949 முதல் 1969 வரையான காலத்தில் இரகசியமாக ஆயத்தங்கள் செய்யப்பட்டிருந்ததை அது உறுதிப்படுத்தியது.

கண்டெடுப்பு

சுவீடனின் மரின் மேத்தெக்னிக் என்னும் கடலடி அளவை நிறுவனம் ஒலியலைக் கருவிகளின் உதவியுடன் தேடி, 2003 ஜூன் 10 அன்று விமானத்தைக் கண்டுபிடித்தது. கோத்ஸ்கா சாண்டனுக்குக் கிழக்கே 55 கிலோமீட்டர் தொலைவில், 126 மீட்டர் ஆழத்தில் அது கிடந்தது. அவ்விடம் பன்னாட்டுக் கடற்பரப்பாகும். விமானம் எங்கே பறந்தது என்னும் பழைய வழக்கிற்கு அது கிடந்த இடமே விடையாயிற்று. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் கட்டலீனாவும் கண்டுபிடிக்கப்பட்டது.

2004 மார்ச் 19 அன்று டிசி-3 இன் முதன்மைப் பகுதி நீருக்கு மேலே கொண்டு வரப்பட்டு, மூஸ்கே கடற்படைத் தளத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டது. இப்பணி எளிதானதன்று. ஐம்பது ஆண்டுகள் கடலில் கிடந்த மெல்லிய அலுமினியத் தகடு கைபட்டாலே உடையக்கூடியது. அதனைச் சுற்றியிருந்த சேற்றில் மனித எச்சங்களும் சிறு பொருட்களும் புதைந்திருக்கக்கூடும். சேற்றைக் குழாயால் உறிஞ்சினால் அவை சிதறிவிடும். ஆகவே சேற்றை அப்படியே உறைய வைத்துக் கட்டிகளாக மேலே எடுக்கும் முறை கையாளப்பட்டது. குற்ற நிகழ்விடத்தை ஆராய்வது போல அக்கட்டிகள் பின்னர் உருக்கி ஆராயப்பட்டன.

எட்டுப் பேரில் நால்வரின் எச்சங்கள் கிடைத்து அடையாளம் காணப்பட்டன. விமானி எல்மெபெரி அவர்களுள் ஒருவர். ஏனைய நால்வர் கிடைக்கவில்லை. விமானத்தின் உடலில் இருந்த துளைகள் மிக்-15பிஸ் விமானத்தின் குண்டுகளால் ஏற்பட்டவை என உறுதி செய்யப்பட்டது. விமானி அறையின் கடிகாரம் 11 மணி 28 நிமிடம் 40 நொடியில் நின்று போயிருந்தது. அரசுகள் நெடுங்காலம் உண்மையை மறைத்து வந்த ஒரு நிகழ்வின் நொடியை அக்கடிகாரம் குறித்து வைத்திருந்தது.

காட்சி

லின்சோப்பிங், ஸ்டாக்கோமிற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சாப் விமான நிறுவனத்தால் அறியப்பட்ட நகரம் இது. அதன் அருகிலுள்ள மால்மன் விமானத்தளத்தில் வான்படை அருங்காட்சியகம் 1984 முதல் இயங்கி வருகின்றது. ஹூகினின் பகுதிகள் 2009 இல் இங்கு கொண்டு வரப்பட்டன. அருங்காட்சியகம் விரிவாக்கப்பட்டு 2010 இல் மீண்டும் திறக்கப்பட்டது முதல் அவை நிலையான காட்சியின் பகுதியாக உள்ளன. ஹூகினைத் தேடிச் சென்ற கட்டலீனாவின் உடன்பிறப்பான மற்றொரு கட்டலீனாவும் இதே அருங்காட்சியகத்தில் உள்ளது. முழுமையாக நிற்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டு வருபவர்கள் ஹூகினிடம் வந்ததும் இறக்கை முறிந்த, தோல் கிழிந்த, அரித்துப்போன உலோகத்தைக் காண்கின்றனர்.

சுட்டு வீழ்த்தப்பட்ட வேவு விமானங்கள் வேறு நாடுகளிலும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. 1960 இல் வீழ்த்தப்பட்ட அமெரிக்க யு-2 விமானத்தின் உடைந்த பகுதிகளைச் சோவியத் அரசு அவ்வாண்டே மாஸ்கோவின் கோர்க்கிப் பூங்காவில் மக்கள் பார்வைக்கு வைத்தது. அது வெற்றிச் சின்னம். ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள மீடு கோட்டையில் 1997 செப்டம்பர் 2 அன்று ஒரு நினைவுப் பூங்கா திறக்கப்பட்டது. 1958 இல் அதே நாளில் ஆர்மீனியாவில் வீழ்த்தப்பட்ட சி-130 விமானத்தில் இறந்த பதினேழு பேருக்காக அது அமைக்கப்பட்டது. அங்கு நிறுத்தப்பட்டது வீழ்ந்த விமானமன்று. அதைப் போன்ற வேறொரு சி-130 க்கு வீழ்ந்த விமானத்தின் எண்ணை எழுதி வைத்தனர். வெற்றிச் சின்னத்தில் இறந்தவர்களுக்கு இடமில்லை. மாற்று விமானத்தில் இறந்தவர்களின் பெயருக்கு இடமுண்டு, அவர்களுக்கு நேர்ந்ததைக் காட்டும் தடயம் இல்லை. ஹூகினில் இரண்டும் உள்ளன. சுட்டவர்களின் குண்டு துளைத்த தடமும், அனுப்பியவர்கள் மறைத்த பணியின் தடமும் ஒரே உலோகத்தில் இருப்பது இக்காட்சியின் தனித்தன்மையாகும்.

பின்னர்

ஹூகினை இழந்த பின்னும் சுவீடன் இப்பணியைக் கைவிடவில்லை. கான்பெரா, கரவேல் ஆகிய விமானங்கள் அடுத்தடுத்து இதற்குப் பயன்பட்டன. தொண்ணூறுகளில் வந்த குல்ஃப்ஸ்ட்ரீம் வகை விமானங்களுக்குக் கோர்ப்பன் என்று பெயர். சுவீடிய மொழியில் அதற்கு அண்டங்காக்கை என்பது பொருள். 2014 இல் பால்டிக் கடலின் மேல் பறந்த இத்தகைய விமானம் ஒன்றை உருசிய சுகோய்-27 போர் விமானம் ஏறத்தாழ பதினொரு மீட்டர் தொலைவு வரை நெருங்கி வந்தது. சுவீடன் தரப்பு அதன் ஒளிப்படத்தை வெளியிட்டது. 1952 இல் இருப்பதாகவே ஒப்புக்கொள்ளப்படாத ஒரு பணி, படத்துடன் செய்தித்தாள்களில் வந்தது.

சுவீடன் 2024 மார்ச் 7 அன்று நேட்டோவில் முறையாக இணைந்தது. ஹூகினில் இறந்த எண்மரில் நால்வரின் உடல்கள் இன்னும் பால்டிக் கடலிலேயே உள்ளன.